கராஜ்ல இருக்கற லோட்டஸ் லெவன்: ஃபைலையும் அந்த வளைஞ்ச ஃப்ரேமையும் தனியா யாருக்கும் கொடுத்துடாதீங்க

கேள்வி: தம்பி, நான் இங்கிலாந்துல மிட்லண்ட்ஸ் பக்கம் இருக்கேன், வயசு 68. என் வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டார். இன்ஜினியர். சின்ன வயசுல சோழவரம் ரேஸ் பாத்து வளந்தவர், இங்க வந்தப்புறம் 1984ல ஒரு பழைய லோட்டஸ் லெவன் ரேஸ் கார் வாங்கினார், 1956 மாடல். 2009க்கு அப்புறம் அதை ஸ்டார்ட் பண்ணவே இல்ல, கராஜ்ல மூடித்தான் இருக்கு. ஒரு பெரிய ஃபைல் வச்சிருக்கார், 1956ல லோட்டஸ்ல வாங்கின ரசீது, பழைய லாக்புக் (காரோட பதிவுப் புத்தகம்), ரேஸ் புரோகிராம், ஃபோட்டோ, முன்னாடி வச்சிருந்தவங்க அவருக்கு எழுதின லெட்டர் எல்லாம் இருக்கு. 1963லேருந்து 1971 வரைக்கும் மட்டும் கார் யார்கிட்ட இருந்துச்சுன்னு ஒண்ணும் இல்ல. ரசீதுல "லெ மான்"னு போட்டிருக்கு, இது பிரான்ஸ்ல நடக்கற 24 மணி நேர லெ மான் ரேஸ்ல ஓடின கார்னு என் பையன் சொல்றான். கராஜ் உத்தரத்துல ஒரு வளைஞ்ச இரும்பு ஃப்ரேம் கட்டித் தொங்குது, 1958ல ஒரு கிளப் ரேஸ்ல அடிபட்டப்போ கழட்டினதுன்னு அவர் சொன்ன ஞாபகம், அடுத்த வருஷம் புது ஃப்ரேம் போட்ட பில்லும் இருக்கு. இப்போ ஒரு டீலர் வந்து பாத்துட்டு ரொக்கமா தரேன்கிறார், ஃபைலை ஒரு வாரம் எடுத்துட்டுப் போய் காப்பி எடுத்துட்டுத் தரேன்னும் கேக்குறார். இன்னொருத்தர் காரே வேண்டாம், அந்த வளைஞ்ச ஃப்ரேமை மட்டும் கொடுங்க, நல்ல காசு தரேன்கிறார். பையன் காருக்கு பெயிண்ட் அடிச்சு, ஸ்டார்ட் பண்ணி ஓட வச்சு வித்தா நல்ல விலை போகும்கிறான். உயில் என் பேர்லதான் இருக்கு, உயிலை உறுதிப்படுத்தற புரோபேட் இன்னும் கைக்கு வரல. அந்த டீலர் சனிக்கிழமை திரும்ப வர்றார். என்ன பண்ணட்டும்?

பதில்:

அக்கா, முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு என் அஞ்சலி. இருபது வருஷத்துக்கு மேல இங்க பழைய ரேஸ் காருங்களோட பேப்பரைச் சரிபார்த்து விக்கிற வேலைதான் பாக்குறேன், ஒரு மனுஷன் இவ்ளோ வருஷம் ஒரு காரைக் கலைக்காம, பேப்பரைத் தொலைக்காம, அடிபட்ட ஃப்ரேமைக் கூட தூக்கிப் போடாம வச்சிருக்கார்னு படிச்சப்போ எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு. அவர் என்ன பண்றோம்னு தெரிஞ்சே பண்ணியிருக்கார்.

சனிக்கிழமை வர்றவருக்கு இன்னைக்கே ஒரு ஃபோன் போட்டு, புரோபேட் முடியற வரைக்கும் எதுவும் விக்கறதா இல்லன்னு சொல்லிடுங்க. அது சாக்குப்போக்கு இல்ல, உண்மையும் அதான். உயில் உங்க பேர்ல இருந்தாலும், புரோபேட் கைக்கு வந்து, உயிலை நிறைவேத்தற எக்ஸிக்யூட்டரா யார் இருக்காங்களோ அவங்க கையெழுத்து போட்டு வித்தாதான் நாளைக்கு வாங்கினவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. அவசரப்படுத்தறவங்க கொஞ்சம் விலகட்டும். நிஜமா அந்த கார் வேணும்னு நினைக்கிறவங்க ஆறு மாசம் காத்திருப்பாங்க, இந்த மாதிரி ஒரு காருக்காக பத்து வருஷம் காத்திருந்தவங்களை நான் பாத்திருக்கேன்.

இப்போ அந்த வளைஞ்ச ஃப்ரேமைப் பத்தி பேசிடுவோம், உங்க லெட்டர்ல என்னை உக்கார விடாத விஷயம் அதுதான்.

கார் வேண்டாம், ஃப்ரேம் மட்டும் போதும்னு ஒருத்தர் ஏன் கேக்குறார்னு யோசிச்சுப் பாருங்க. பழைய இரும்புக்கடை விலைக்கு அது பத்துப் பதினஞ்சு பவுண்டு கூட பெறாது. ஆனா அது 1956ல வடக்கு லண்டன் ஹார்ன்சியில இருந்த லோட்டஸ் பட்டறையிலேருந்து உங்க காரோட நம்பர்ல வெளிய வந்த ஒரிஜினல் ஃப்ரேம். அதை வாங்கிட்டுப் போய் வளைஞ்ச குழாயை நிமிர்த்தி, போன எடத்துல புதுசு ஒட்டி, மேல அலுமினியம் பாடி அடிச்சுப் போட்டு, எங்கேயோ கிடைக்கற ஒரு கோவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி இன்ஜினை மாட்டிட்டா, "இதுதான் ஒரிஜினல் கார், அங்க இருக்கறது 1959ல செஞ்ச ஃப்ரேம்"னு அவர் சொல்லலாம். அப்போ உலகத்துல ஒரே நம்பருக்கு ரெண்டு கார் ஆயிடும். ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கற மாதிரி தெரியும், வக்கீலுங்களுக்கு வருஷக்கணக்கா வேலை கிடைக்கும், ரெண்டு காரோட விலையும் அடிவாங்கும். பிரிட்டிஷ் ரேஸ் கார் உலகத்துல இந்த ரெட்டைக் கார் தகராறு ரொம்ப பழைய வியாதி, ஜாகுவார், லோட்டஸ், லிஸ்டர்னு எதுலயும் கேள்விப்படலாம். ஏன்னா அந்தக் காலத்துல ரேஸ் கார்ங்கறது ஓட்டறதுக்கான கருவி, மியூசியத்துல வைக்கற பொருள் இல்ல. ஞாயித்துக்கிழமை இடிச்சா அடுத்த ஞாயிறுக்குள்ள புது ஃப்ரேம் போட்டு ஓட்டணும், பழசு கொல்லைப்புறத்துல கிடக்கும், அதை இருபது வருஷம் கழிச்சு யாராவது கண்டெடுப்பாங்க.

அதனால அந்த ஃப்ரேம் காரோடதான் போகணும், விக்கற பத்திரத்துல அதையும் ஒரு வரியா எழுதணும். அது கூட இருக்கற வரைக்கும் உங்க காருக்கு எதிரா யாரும் உரிமை பேச முடியாது. அதைத் துடைக்காதீங்க, சாண்ட்பேப்பர் போடாதீங்க, குழாய்ல ஏதாவது நம்பர் தட்டியிருந்தா துருவோடயே ஃபோட்டோ எடுங்க. முடிஞ்சா உத்தரத்துலேருந்து எறக்கி வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல வச்சுப் பூட்டிடுங்க. கராஜுக்கு வந்துபோற எல்லார் கண்ணுலயும் அது படவேண்டாம்.

ஃப்ரேம் மாறிட்டா அது அதே கார்தானான்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு கேள்வி இருக்கும், வாங்க வர்றவங்களும் இதையே சொல்லி விலையைக் குறைக்கப் பாப்பாங்க. இதுக்கு லண்டன் ஹைகோர்ட்ல 1990ல ஒரு தீர்ப்பு இருக்கு, எங்க தொழில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சது. ஓல்டு நம்பர் ஒன்னு ஒரு பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், 1929லயும் 1930லயும் லெ மான் ஜெயிச்ச கார். அப்புறமும் அதை விடாம ரேஸ் ஓட்டி, மாத்தி மாத்திக் கட்டினாங்க, பெரிய 8 லிட்டர் இன்ஜின் போட்டாங்க, 1932ல இங்கிலாந்து புரூக்லண்ட்ஸ் ரேஸ் தடத்துல அது மேட்டைத் தாண்டிப் பறந்து விழுந்ததுல ஓட்டின கிளைவ் டன்ஃபீ இறந்துட்டார், அதுக்கப்புறம் வேற பாடி போட்டு ரோடுல ஓடுச்சு. 1990ல அதை ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடிச்சப்புறம், வாங்க ஒத்துக்கிட்ட கம்பெனி "இது அந்த காரே இல்ல, அதுல இருந்த பாகம் எதுவும் இதுல இல்ல"ன்னு பின்வாங்க, வித்தவர் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி ஆட்டன் எல்லா சாட்சியையும் கேட்டுட்டு, 1929ல இருந்த அப்படியே ஒரிஜினல்னு இதைச் சொல்ல முடியாது, ஆனா இதுதான் அசல் ஓல்டு நம்பர் ஒன், ஏன்னா இது நடுவுல எங்கயும் அத்துப் போகாம ஒரே காரா தொடர்ந்து இருந்திருக்கு, இந்தப் பேருக்கு வேற எந்தக் காரும் உரிமை கொண்டாட முடியாதுன்னு சொல்லி வித்தவர் பக்கம் தீர்ப்பு கொடுத்தார்.

உங்க காருக்கும் அதே கணக்குதான். 1958ல அடிபட்டது, 1959ல ஃப்ரேம் மாத்தினது, பில் இருக்கு, பழைய ஃப்ரேம் கூடவே இருக்கு, வேற போட்டியாளர் கிடையாது. இதை மறைக்கவே கூடாது. விளம்பரத்துல முதல் பாராவிலேயே எழுதணும். மறைச்சாத்தான் அது குறையாத் தெரியும், பில்லோட முன்னாடி வச்சா அது காரோட கதையில ஒரு பக்கம், அவ்ளோதான்.

அடுத்தது ஃபைல். ஊர்ல நிலம் வாங்கப் போனா தாய்ப்பத்திரம் எங்க, வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சான்னு கேப்பாங்கல்ல, அதேதான் இங்கயும். லோட்டஸ் லெவன் 1956லேருந்து 1958 வரைக்கும் மொத்தமா சுமார் 270 காருதான் செஞ்சாங்க. ஆனா 80கள்ல வெஸ்ட்ஃபீல்டு கம்பெனி ஆரம்பிச்சதே லெவன் மாதிரியே ஒரு கார் பண்ணித்தான், இன்னும் பல பேர் அதே டிசைன்ல பாடியும் ஃப்ரேமும் புதுசா செஞ்சுக்கிட்டு இருக்காங்க. பத்தடி தள்ளி நின்னு பாத்தா அசலும் நகலும் ஒண்ணாத்தான் தெரியும், கிட்ட போனாலும் பழகின கண்ணு வேணும். போதாக்குறைக்கு அப்போ முழு காரா வாங்கினா பர்ச்சேஸ் டாக்ஸ் கட்டணும், அதனால நிறைய பேர் பாகம் பாகமா வாங்கிட்டுப் போய் வீட்டுல பொருத்திக்கிட்டாங்க, அந்த மாதிரி காருக்கு ஆரம்பமே குழப்பம்தான். இப்படி இருக்கறப்போ 1956 ரசீதும் அந்தக் காலத்து லாக்புக்கும் ஒரே ஃபைல்ல இருக்கறது உங்க காரோட விலையில பெரிய பங்கு. ஃபைல் இல்லாம அந்தக் காரை விக்கறது பத்திரம் இல்லாம நிலத்தை விக்கற மாதிரி.

அதை ஒரு வாரம் எடுத்துட்டுப் போறேன்னு ஒருத்தர் கேக்குறார்னா, அவர் நல்லவரோ கெட்டவரோ, பதில் ஒண்ணுதான்: வீட்டுக்கு வந்து மேஜையில வச்சுப் பாருங்க, வெளிய போகாது. ஆரம்ப காலத்துல ஒரு பெரியவரோட காரை நான் பாத்துக்கிட்டு இருந்தேன், அவர் என் பேச்சைக் கேக்காம ஃபைலை ஒருத்தர்கிட்ட காப்பி எடுக்கக் கொடுத்தார், திரும்பி வந்தப்போ முதல் ஓனர் கைப்பட எழுதின மூணு லெட்டர் காணோம். என்னென்ன இருந்துச்சுன்னு பட்டியல் எதுவும் நாங்க வச்சுக்கல, அதனால கேக்கவும் முடியல. இன்னைக்கும் அதை நினைச்சா எனக்கு வயிறு எரியும், அன்னைக்கே நான் ஒரு நாள் உக்காந்து ஸ்கேன் பண்ணியிருக்கணும்.

அதனால உங்க பையனுக்கு ஸ்டார்ட் பண்ற வேலையைக் கொடுக்காம இந்த வேலையைக் கொடுங்க. ஒவ்வொரு பேப்பரையும் ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணணும், ஃபோட்டோவோட பின்பக்கத்தையும் விடக்கூடாது, பல நேரம் தேதியும் ஊரும் அங்கதான் பென்சில்ல எழுதியிருக்கும். பேப்பர் மேல நம்பர் போடாதீங்க, பிளாஸ்டிக் உறையில வச்சு உறை மேல போடுங்க. லாமினேட் பண்ணாதீங்க, பஞ்ச் பண்ணாதீங்க, பழைய ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சிருந்தா மெதுவா எடுத்துடலாம். அவர் அடுக்கி வச்சிருக்கற வரிசையைக் கலைக்கறதுக்கு முன்னாடி அந்த வரிசையையே ஒரு தடவை ஃபோட்டோ எடுத்துக்கோங்க, அவர் எதை எதோட சேர்த்து வச்சார்ங்கறதே சில சமயம் ஒரு தடயம். ஸ்கேன் ரெண்டு எடத்துல இருக்கட்டும், அசல் பேங்க் லாக்கர் மாதிரி பத்திரமான எடத்துல இருக்கட்டும். வாங்க வர்றவங்களுக்கு ஸ்கேன் அனுப்பும்போது பழைய ஓனருங்களோட வீட்டு அட்ரஸ், ஃபோன் நம்பரை மறைச்சுட்டு அனுப்புங்க, அவங்க குடும்பம் இன்னும் அங்கேயே இருக்கலாம்.

இன்னொண்ணு, இப்போ இருக்கற வி5சி, அதாவது காரோட பதிவுப் பேப்பர், உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கும். அதையே ஓனர்ஷிப்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. வி5சி மேலயே தெளிவா போட்டிருக்கும், இது உரிமைக்கான ஆதாரம் இல்ல, பதிவு பண்ணின கீப்பர் யாருன்னு மட்டும்தான் காட்டும்னு. கரண்ட் பில் யார் பேர்ல வருதோ அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர்னு சொல்ல முடியாதுல்ல, அந்த மாதிரி. 1984ல அவர் காசு கொடுத்து வாங்கின ரசீதோ, செக் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்டோ, வித்தவர் எழுதின லெட்டரோ, அதுதான் உங்களுக்கு முக்கியம். அதை முதல்ல தேடுங்க.

ரசீதுல இருக்கற "லெ மான்" விஷயத்துக்கு வரேன், பையன் இதை யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கட்டும். லோட்டஸ் லெவனை மூணு வகையா வித்தாங்க. ஸ்போர்ட்னா ஃபோர்டோட 1,172 சிசி சைடு வால்வ் இன்ஜின், விலை கம்மி. கிளப்னா கோவென்ட்ரி கிளைமாக்ஸ் இன்ஜின், பின்னாடி சாதாரண லைவ் ஆக்ஸில். லெ மான்னா கிளைமாக்ஸ் இன்ஜினோட பின்னாடி டி டியான்ங்கற வேற மாதிரி ஆக்ஸில், டிஸ்க் பிரேக். அதாவது "லெ மான்"ங்கறது ஒரு மாடலோட பேர், அந்த ஊர் ரேஸுக்குப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. 1956ல லெ மானுக்கு லோட்டஸ் கம்பெனியே தயார் பண்ணி மூணு லெவன் கொண்டு போனாங்க, ஒண்ணுல லோட்டஸை ஆரம்பிச்ச கோலின் சாப்மேனே ஓட்டினார், ரெஜ் பிக்னெலும் பீட்டர் ஜாப்பும் ஓட்டின கார்தான் 1,100 சிசி கிளாஸ்ல ஜெயிச்சு மொத்தத்துல 7வதா வந்துச்சு. யார் எதுல ஓட்டினாங்கன்னு எழுதின பதிவு இருக்கு. அந்தப் பதிவுல இல்லாத ஒரு காரை "லெ மான்ல ஓடினது"ன்னு விளம்பரம் பண்ணினா முதல் நாளே தெரிஞ்சவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க, அதுக்கப்புறம் நீங்க சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க. சட்டப்படியும் ஆபத்து. தனிநபர் விக்கறதா இருந்தாலும் பொருளைப் பத்தி சொன்ன விவரத்துக்கு பொருள் ஒத்துப் போகணும்கறது இங்க சட்டம், பொய்யான தகவலைச் சொல்லி வித்தா 1967 மிஸ்ரெப்ரசென்டேஷன் சட்டத்துல நஷ்டஈடு வரைக்கும் போகும்.

ஆனா இதுல உங்களுக்கு நல்ல சேதியும் இருக்கு அக்கா. ரசீதுல லெ மான்னு இருந்து, காருக்கு அடியில அந்த டி டியான் குழாயும் டிஸ்க் பிரேக்கும் இன்னும் அப்படியே இருந்தா, மூணு வகையில எல்லாரும் அதிகமா தேடறது உங்களோடதுதான். வாய்வழிக் கதை இல்லாமலே அது நிக்கும்.

எழுதும்போது நான் எல்லார்கிட்டயும் சொல்ற ஒரு பழக்கம்: நீங்க நம்பறதை எழுதாதீங்க, பேப்பர் சொல்றதை எழுதுங்க. "1956ல இன்னார் வாங்கினார்"னு எழுதறதை விட, "1956 தேதியிட்ட ரசீது இன்னார் பேர்ல இருக்கு, ஃபைல்ல உறை எண் 3". இப்படியே 1956லேருந்து இன்னைக்கு வரைக்கும் வரிசையா போனா படிக்கறவருக்கே நம்பிக்கை வந்துடும், நீங்க ஒரு வார்த்தை கூட புகழ வேண்டியதில்ல.

1963லேருந்து 1971 வரைக்கும் இருக்கற அந்த எட்டு வருஷ இடைவெளியைப் பாத்து பயப்படாதீங்க. அந்த வருஷங்கள்ல பழைய லெவன்னா யாருக்கும் வேண்டாத பழைய ரேஸ் கார், அதுக்குள்ள புது டிசைனுங்க வந்து இதை ஓரம் கட்டிடுச்சு, சின்னச் சின்ன ரேஸ்ல ஓட்டினாங்க, கொட்டகையில போட்டாங்க, கை மாறினதை யாரும் எழுதி வைக்கல. அந்தக் காலக்கட்டத்துல ஓட்டை இல்லாத ஃபைல்தான் அபூர்வம். ஆனா அடைக்க முயற்சி பண்ணுங்க. ரோடு ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருந்தா, 1974ல எல்லாம் டிவிஎல்சிங்கற (இப்போ டிவிஎல்ஏ) அரசு வாகனப் பதிவு ஆபீஸ் கைக்குப் போறதுக்கு முன்னாடி பதிவு பண்ணினது அந்தந்த கவுன்ட்டி கவுன்சில்தான், அந்த லெட்ஜருங்கள்ல சிலது கவுன்ட்டி ரெக்கார்டு ஆபீஸ்ல இன்னும் இருக்கு, போய்க் கேக்கலாம். பழைய லாக்புக்ல மாறின ஓனர் பேர் பக்கத்துல அந்த ஆபீஸ் சீல் இருக்கும், எந்த ஊர் சீல்னு பாருங்க, கார் எந்தப் பக்கம் போச்சுன்னு புரியும். மோட்டார் ஸ்போர்ட், ஆட்டோஸ்போர்ட் பத்திரிகைகளோட பழைய இதழ்கள்ல பின்பக்கத்து வரி விளம்பரங்களைப் பாருங்க, யாராவது அதை விக்க விளம்பரம் கொடுத்திருக்கலாம். ஹிஸ்டாரிக் லோட்டஸ் ரெஜிஸ்டர்னு இந்தப் பழைய லோட்டஸ் காருங்களுக்காகவே ஒரு அமைப்பு இருக்கு, மாடல் வாரியா விவரம் சேர்த்து வைக்கறவங்க அதுல இருக்காங்க, சேசிஸ் நம்பரைக் கொடுத்து கேட்டா அவங்ககிட்ட இருக்கறதோட ஒப்பிட்டுச் சொல்வாங்க. ஒருவேளை உங்க வீட்டுக்காரரே அவங்களுக்கு எழுதியிருப்பார், அவர் எழுதினதோட காப்பி ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. இவ்ளோ தேடியும் கிடைக்கலன்னா, "1963 முதல் 1971 வரை ஆவணம் இல்லை, இன்ன இன்ன எடத்துல தேடினோம்"னு எழுதிடுங்க. தேடினதுக்கு ஆதாரமும் ஃபைல்ல போகட்டும்.

பெயிண்ட் அடிக்கறது வேண்டவே வேண்டாம். இப்போ மேல இருக்கற பெயிண்டுக்கு அடியில பழைய கலர் இருக்கும், ரேஸ் நம்பர் ஒட்டின வட்டம் மங்கலா தெரியலாம், அலுமினியத்துல தட்டி நிமிர்த்தின அடையாளம் ஃபோட்டோவுல இருக்கற அடியோட ஒத்துப் போகலாம். அந்த பாடியோட வடிவம் ஃப்ராங்க் காஸ்டின் விமானத் தொழில்ல கத்துக்கிட்ட காத்தோட்டக் கணக்கை வச்சுப் போட்டது, பழைய தகடு எவ்ளோ மிஞ்சியிருக்கோ அவ்ளோவும் சொத்து. வாங்கறவர் அவருக்குப் பிடிச்ச ஆளை வச்சு அவர் இஷ்டப்படி பண்ணிக்கட்டும். உங்க காசைப் போட்டு பளபளன்னு ஆக்கினா, என்னத்தை மறைச்சிருக்காங்களோன்னு சந்தேகம்தான் வரும். தூசியைக் கூட மெத்துன்னு துணியில தட்டினா போதும்.

ஸ்டார்ட் பண்றதும் கூடாது, இதை பையன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அந்த கிளைமாக்ஸ் எஃப்டபிள்யூஏ இன்ஜின் 1,098 சிசி, தீயணைப்பு பம்புக்காக செஞ்ச இன்ஜின்லேருந்து வந்தது, ஒருத்தர் ரெண்டு பேர் தூக்கற மாதிரி லேசா இருக்கணும்னு பிளாக்கையே அலுமினியத்துல வார்த்தாங்க. 2009லேருந்து தண்ணி உள்ள நின்னிருந்தா அலுமினியம் அரிச்சிருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம், டேங்க்ல பெட்ரோல் கோந்தா மாறியிருக்கும். புது பேட்டரி போட்டு ஒரு சுத்து சுத்தினா அஞ்சு நிமிஷத்துல பல ஆயிரம் பவுண்டு நஷ்டம் ஆகலாம். இந்த இன்ஜின் தெரிஞ்ச மெக்கானிக் வந்து பிளக்கைக் கழட்டி, எண்ணெய் விட்டு, கையால மெதுவா சுத்திப் பாத்து, சுத்துதா இல்லையான்னு எழுதிக் கொடுத்தா போதும். "2009 முதல் ஓட்டவில்லை"ங்கற வரி விலையைக் குறைக்காது, அதைத் தேடி வர்றவங்களே இருக்காங்க.

எந்த வழியில விக்கறது? ஏலக் கம்பெனி, கமிஷன்ல விக்கற ஸ்பெஷலிஸ்ட், இல்ல நேரா கிளப் வழியா ஒருத்தருக்கு. ஏலத்துல பேர் பெரிசா அடிபடும், உலகம் பூரா பாப்பாங்க, ஆனா அன்னைக்கு அந்த ஹால்ல ரெண்டு பேர் அடிச்சுக்கணும், ரிசர்வ்னு நீங்க வைக்கற குறைஞ்சபட்ச விலையைத் தொடாம திரும்பிட்டா அது எல்லாருக்கும் தெரிஞ்சுடும், அப்புறம் கொஞ்ச நாளைக்கு அந்த காரைத் தொடவே யோசிப்பாங்க. வாங்கறவர் ஏலக் கம்பெனிக்குத் தனியா கட்டற பிரீமியத்தையும் மனசுல கழிச்சுட்டுத்தான் அவர் கை தூக்குவார், அதனால அது உங்க காசுலேருந்தும்தான் போகுது. உங்க காருக்கு நான் சொல்றது, முதல்ல ரெஜிஸ்டர்ல தெரிஞ்ச ஒருத்தரை வச்சு அடையாளத்தைப் பரிசோதிச்சு எழுத்துல வாங்குங்க, அப்புறம் 50கள் ரேஸ் காருங்களை மட்டுமே கையாள்ற ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கமிஷன்ல கொடுங்க. பேப்பரைப் படிச்சுக் காட்டி விக்கற காருக்கு பத்து நிமிஷ ஏலத்தை விட, மேஜையில உக்காந்து ஃபைலைப் புரட்டற மூணு மணி நேரம் அதிகம் உதவும். அக்ரிமென்ட்ல கமிஷன் எவ்ளோ, குறைஞ்சபட்ச விலை என்ன, எத்தனை மாசம், கார் அவர் எடத்துல இருக்கும்போது இன்சூரன்ஸ் யாரோடது, வாங்கறவர் கட்டற பணம் தனி கிளையன்ட் அக்கவுண்ட்ல இருக்குமா, எல்லாம் எழுத்துல இருக்கணும். பணம் உங்க கணக்குல முழுசா வந்து சேர்ற வரைக்கும் கார் உங்களோடதுதான்னு ஒரு வரி கண்டிப்பா வேணும். பேங்கர்ஸ் டிராஃப்டை நம்பி சாவியைக் கொடுத்து ஏமாந்தவங்க இருக்காங்க.

விலை எவ்ளோன்னு நீங்க நேரா கேக்கல, ஆனா மனசுல இருக்கும். பாக்காம நான் ஒரு நம்பர் சொன்னா அது உங்களுக்கு நான் பண்ற துரோகம். ரொக்கமா தரேன்னு வந்தவர் சொன்ன தொகையை மட்டும் அளவுகோலா வச்சுக்காதீங்க. எப்படியும் புரோபேட்டுக்கு அவர் இறந்த தேதியில காருக்கு என்ன மதிப்புன்னு எழுத்துல தேவைப்படும், அதை காரை வாங்க ஆசைப்படாத ஒரு ஆள்கிட்ட காசு கொடுத்து வாங்குங்க, அங்கேயே உங்களுக்கு ஒரு நேர்மையான கணக்கு கிடைச்சுடும். பேப்பரும் தொடர்ச்சியும் விலையை எங்க கொண்டு போகும்னு சொல்ல ஒரு உச்ச உதாரணம்: 1956ல ஸ்காட்லாந்தோட எக்யூரி எக்காஸ் டீமுக்கு லெ மான் ஜெயிச்சுக் கொடுத்த ஜாகுவார் டி டைப், எக்ஸ்கேடி 501, 2016ல கலிஃபோர்னியாவுல 2.17 கோடி டாலருக்கு மேல போச்சு. ஜெயிச்ச கார்ங்கறது ஒரு பக்கம், அது டீம்லேருந்து வெளிய வந்தப்புறம் ரொம்ப சில பேர் கைக்குத்தான் போச்சு, எங்க இருந்துச்சுன்னு யாரும் கேள்வி கேக்க எடமே இல்லாம இருந்துச்சுங்கறது இன்னொரு பக்கம். உங்க லெவன் அந்த உயரத்துல இல்ல, ஆனா வாங்கறவங்க கேக்கற கேள்வி அதேதான்.

இந்த காரை வாங்கறவர் பெரும்பாலும் ஓட்டத்தான் வாங்குவார், குட்வுட் ரிவைவல், லெ மான் கிளாசிக் மாதிரி எடத்துக்குப் போக. வெளிநாட்டு ஹிஸ்டாரிக் ரேஸுக்கெல்லாம் உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவோட ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட்னு காருக்கு ஒண்ணு கேப்பாங்க. உங்க வீட்டுக்காரர் ரேஸ் ஓட்டியிருந்தா பழைய பாஸ்போர்ட் ஃபைல்ல இருக்கலாம், தேதி முடிஞ்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. வாங்கறவர் வெளிநாட்டுக்காரரா இருந்தா, 50 வருஷத்துக்கு மேல ஆன மதிப்புள்ள பொருளை வெளிய கொண்டுபோக ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து வழியா எக்ஸ்போர்ட் லைசென்ஸ் தேவைப்படலாம், அந்த வேலை யார் பொறுப்புன்னு பத்திரத்துலயே எழுதிடுங்க. வரி விஷயம் ஒரு அக்கவுண்டன்ட்கிட்ட ஒரு தடவை உக்காந்து கேளுங்க. சாதாரண பயணிகள் காரை வித்தா இங்க கேப்பிடல் கெயின்ஸ் டாக்ஸ் கிடையாது, ஒத்தை சீட்டு ரேஸ் காருக்கு அந்த விலக்கு பொருந்தாது, லெவன் நடுவுல நிக்கற மாதிரி ஒரு ரேஸ் கார், அதனால ரெண்டு சீட்டு இருக்கறதையும் ரோடு பதிவு இருந்தா அதையும் அவர்கிட்ட காட்டுங்க. பழைய நம்பர் பிளேட்டை மட்டும் தனியா வாங்கிக்கறேன்னும் யாராவது வருவாங்க. ஃப்ரேமுக்கு சொன்னதுதான் அதுக்கும், காரோடயே போகட்டும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேலை கேக்குறேன், இது பையனால முடியாது, டீலரால முடியாது. ஒரு நாள் சாயங்காலம் உக்காந்து, 1984ல அவர் அந்த காரை வீட்டுக்குக் கொண்டு வந்த நாள்லேருந்து உங்களுக்கு ஞாபகம் இருக்கறதை எழுதுங்க. எப்படிக் கொண்டு வந்தார், டிரெய்லர்லயா ஓட்டிக்கிட்டா, அப்போ என்ன கலர், வித்தவர் வீட்டுக்கு வந்தாரா, இன்ஜினை எப்போ பிரிச்சார், எந்த எந்த ஊருக்கு ரேஸுக்குப் போனீங்க, 2009ல ஏன் நிறுத்தினார், அந்த ஃப்ரேம் காரோட வந்ததா அப்புறம் தேடிப் பிடிச்சதா. தமிழ்ல எழுதினாலும் பரவாயில்ல, இங்கிலீஷ்ல நான் மாத்தித் தரேன். தெரியாததை தெரியலன்னே எழுதுங்க. கீழ தேதி போட்டு கையெழுத்து போடுங்க, ஸ்கேன் பண்ணி ஒரு காப்பி வச்சுக்கிட்டு அசலை ஒரு உறையில போட்டு கடைசி நம்பர் கொடுத்து ஃபைல்ல வைங்க. அந்த காரோட ரொம்ப காலம் இருந்தது உங்க வீடுதான், அதுக்கு இன்னைக்கு இருக்கற ஒரே சாட்சி நீங்க.